வால்வுக்குப் பொட்டு வைத்த நாள்

நான்காவது வால்வுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்து, தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எங்கள் தறிக்கொட்டாயில் கடைசித் தறி நின்றது.

குமாரபாளையத்துக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும். விசைத்தறி ஓடுகிற சத்தம் எங்கள் காதில் ஏறுவதே இல்லை. நின்றால்தான் திடுக்கென்று இருக்கும். எங்கள் பதினாறு தறியும் அடங்கின. எதிர்க் கொட்டாய் அடங்கியது. பின்சந்து அடங்கியது. ஆயுத பூஜை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குள் தெருவே ஓய்ந்துவிட்டது. எங்கோ ஒரு காக்கா கத்தியது. கொட்டாய்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் டிக் டிக் என்றது.

"இது எப்ப இருந்துங்க சத்தம் போடுது?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து பதில் சொல்லவில்லை. அவருக்குக் காது மந்தம். அவர் பாட்டுக்குப் பூஜை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூல் வெட்டும் கத்தரி, ஸ்பேனர் செட், தையல் மெஷின், அவருடைய மொபெட். எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக, வாழைக்கன்றுக்கு அடியில், துடைத்துப் பளபளவென்று என் வால்வு ஆம்பிளிஃபயர்.

"ஏம் புள்ள, இன்னைக்கு இதுலதான பாட்டுக் கேக்கோணும்னு ஒரு மாசமா குதிச்சுட்டு இருந்தே?"

"ஆமாங்க. அதுக்கென்ன இப்ப?" என்று கத்தினேன்.

"பொட்டு வெச்சுட்டியே."

கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். பூஜையில் வைத்துப் பொட்டிட்ட எந்த மெஷினையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது, ஓட்டக் கூடாது. ஊரே அமைதியாக இருக்கிற ஒரே நாள். அதற்காகவே நான் ஒரு மாதம் காத்திருந்த ஒரே நாள். அந்த நாளில் பாட்டுப் பெட்டியை என் கையாலேயே, ஆசை ஆசையாக, நாலு வால்வுக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்து ஓய்வுக்கு அனுப்பிவிட்டேன்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது ஞாபகம் இல்லை.

சூரமங்கலத்தில் ஒரு நாகஸ்வரம்

வால்வு என்றதும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். ரொம்பப் பின்னால் இல்லை, அதே வருஷம் ஆவணிக்கு.

சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் சித்தி மகள் இருக்கிறாள். அவளுக்குப் பேரன் பிறந்து பார்க்கப் போயிருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்த வாசிப்பு மாதிரியே இல்லை. சீவாளியில் உதடு படுவதுகூடத் தெரிகிற மாதிரி இருந்தது.

"பக்கத்தூட்ல என்ன விசேஷமா?" என்றேன்.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அங்க ஒருத்தர் ரேடியோ செய்வாரு" என்றாள்.

நான் நம்பவில்லை. எனக்கு இந்தப் பழக்கம் ஒன்று உண்டு, நம்பாவிட்டால் நேரே போய்ப் பார்த்துவிடுவேன். செருப்பைக்கூட மாட்டாமல் போய் அந்த வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். கூடத்தில் வித்வானும் இல்லை, தவிலும் இல்லை. லுங்கி கட்டிய ஒருத்தர் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஸ்டூலின் மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டியின் முதுகில் நாலு கண்ணாடிக் குப்பிகள், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கங்கு மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. பெரியது இரண்டு, சின்னது இரண்டு.

"இது என்னங்க, சாமி படத்துக்குப் போடற சீரியல் செட்டுங்களா?" என்று கேட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வால்வும்மா. அந்தக் கால ரேடியோவுல இருக்குமே, அது. உக்காருங்க. இன்னும் பதினோரு நிமிஷம் வண்டி எதுவும் கிடையாது" என்றார்.

தாமோதரன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறார். எந்த வண்டி எத்தனை மணிக்கு வீட்டை உலுக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைக்கிற இடைவெளிகளில்தான் அவர் பாட்டுக் கேட்பார். சரக்கு ரயில் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும், அதற்கு மட்டும் வாய்க்குள் ஏதோ முனகுவார்.

அந்தப் பதினோரு நிமிஷம் நான் அசையவில்லை. எழுந்தபோது, "இத எனக்குக் குடுங்க" என்றேன். விலைகூடக் கேட்கவில்லை. கடையில் மிட்டாயைப் பார்த்த குழந்தை மாதிரி கேட்டேன்.

ஒரு மாசம், ரெண்டு ஜோடி

"காசு குடுத்தா மட்டும் குடுக்க மாட்டேம்மா" என்றார் தாமோதரன்.

ஒரு தடவை காசை வாங்கிக்கொண்டு ஒரு நகைக்கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், அதன் மேல் பிளாஸ்டிக் பூ வைத்துக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தியிருந்தார்களாம். ஒயரே சொருகவில்லையாம். அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்துவிட்டார்.

பெட்டியை ஒரு மாதத்துக்குத் தருவார். சின்ன வால்வு இரண்டு ஜோடி தருவார். ஒரு ஜோடி புதுசு, இன்னொரு ஜோடி பழைய சரக்கு. மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும். எது பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"இதான் சரியான ஜோடின்னு ஒண்ணும் கிடையாது. உங்க வீடு, உங்க காது. ஆனா கேட்டுச் சொல்லணும். கேக்காத வீட்ல என் செட்டு இருக்கக் கூடாது. விஜயதசமிக்கு மறுநாள் வர்றேன். சொல்ல முடியலன்னா எடுத்துக்குவேன். நாமக்கல்ல ஒரு கோழிப்பண்ணைக்காரரு வரிசைல நிக்கிறாரு."

அந்தக் கோழிப்பண்ணைக்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு மாதமும் முட்டை உடைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டிலும் கேட்டார்கள். எனக்கு அது முடியாது. ஏனென்றால் எனக்குள்ளே ஒரு பயம் இருந்தது. கோயமுத்தூரில் இருக்கிற என் மகள் போன் செய்தால் முதல் வார்த்தையே, "அம்மா, கத்தாத" என்பதுதான். இருபத்தெட்டு வருஷம் தறிக்கொட்டாய். என் காதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியும் வேண்டும், என் காதும் வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கென்று ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

எட்டு வாட்ஸ்

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார், மடியில் இருப்பதற்கு எதற்கு என்று சண்டை போட்டேன். சங்ககிரி தாண்டும்வரை சண்டை ஓடியது. தூக்கிப் பார்த்தால் சின்னப் பெட்டி, ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மர்கள் இரும்புக் கனம். இரண்டு நாள் தொடை வலித்தது. ஸ்பீக்கர் இரண்டையும் அடுத்த வாரம் ஒரு லாரியில் அனுப்பினார்.

வீட்டுக்காரர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எத்தன வாட்ஸு?"

"எட்டு வாட்ஸுங்க."

"ஆ?"

"எட்டு. எட்டு வாட்ஸு."

"நம்மூட்டு பாத்ரூம் பல்பே ஒம்போது வாட்ஸு" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

அவருடைய அந்த 'ஆ?'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னால் திரும்பிப் பார்ப்பார். கொஞ்ச வருஷத்தில் இரண்டு தடவை ஆயிற்று. அப்புறம் எதைச் சொன்னாலும் 'ஆ?' தான். தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது போவது எங்கள் பக்கம் புதிதா என்ன. உறவுக்காரர்கள், தெருக்காரர்கள், நூல் வியாபாரி என்று எல்லாரும் அவரிடம் கத்தியே பேசப் பழகிவிட்டோம். அவரும் தலையை ஆட்டிக்கொள்வார்.

துண்டுக் கட்டும் சுருதியும்

அந்த ஒரு மாதத்தில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் குஷியாகத்தான் இருக்கிறது.

முதலில் இடம். கூடத்தில் சுவரோடு சுவராக ஸ்பீக்கரை வைத்தேன், பாட்டு டிரம்முக்குள் பேசுவது மாதிரி வந்தது. போன் போட்டேன். சுவரை விட்டு இரண்டடி முன்னால் இழுக்கச் சொன்னார் தாமோதரன். இழுத்ததும் தெளிந்தது. ஆனால் கூடத்தில் நடக்க வழி இல்லை. வருகிற ஒறம்பரை, விருந்தாளி எல்லாம் ஸ்பீக்கரைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது அதிர்வு. கொட்டாய் வீட்டோடு ஒட்டியது. தறி ஓடினால் வீட்டுத் தரையே லேசாக நடுங்கும், அந்த நடுக்கம் வால்வுக்குள் ஏறி, பாட்டுக்கு அடியில் 'ங்ங்' என்று கேட்டது. கடப்பாக் கல் ஒன்றைப் போட்டு, அதற்கு அடியில் தறியிலிருந்து கழற்றிய பழைய ரப்பர்த் துண்டுகள் நாலு வைத்தேன். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. இந்த யோசனை என் சொந்த யோசனை. தாமோதரனே, "அட, பரவால்லையே" என்றார்.

அப்புறம்தான் மர்மம் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை பாட்டு அவ்வளவு அருமையாக இருக்கும். புதன்கிழமை அதே பாட்டு வெறும் பாத்திரத்தில் கரண்டி போட்ட மாதிரி எதிரொலிக்கும். நான் வால்வைச் சந்தேகப்பட்டேன், கரண்ட்டைச் சந்தேகப்பட்டேன், அடுக்களையில் மிக்ஸி போட்ட என் மருமகளைச் சந்தேகப்பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது. நெய்த துண்டுகளையெல்லாம் கட்டுக்கட்டாகக் கூடத்து மூலைகளில் அடுக்கி வைப்போம். திங்கட்கிழமை வண்டி வந்து ஈரோட்டுச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். துணி இருக்கும்வரை அது எதிரொலியைக் குடித்துவிடும். துணி போனால் கூடம் மொட்டை.

அந்த வாரம் பின்மூலைக் கட்டுகளைப் போக விடாமல் ஒளித்து வைத்தேன். "ரெண்டு கட்டு கொறையுதே" என்று வண்டிக்காரர் கணக்குப் பார்த்தபோது, ரசம் கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

இவ்வளவு செய்தும் முக்கியமான வேலை நடக்கவில்லை. இரண்டு ஜோடிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. தறிச் சத்தத்தில் எப்படித் தெரியும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறி நிற்கும், எதிர்வீட்டுத் தறி நிற்காது. மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளில் ஊரே நிற்கும். ஆஹா என்று உட்கார்ந்த பிறகுதான் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும் என்பது உறைத்தது. இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன், ஸ்பீக்கருக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம்.

ஆகவே ஆயுத பூஜை. காலண்டரில் சுழித்து வைத்துவிட்டு நாளை எண்ணினேன்.

நானே போட்ட சட்டம்

மீண்டும் அந்தச் சந்தனக் கிண்ணத்துக்கு வருகிறேன்.

அப்படி ஏன் செய்தாய் என்றால், சந்தோஷம்தான். கொட்டாயைக் கழுவி, தறியெல்லாம் துடைத்து, மாவிலை கட்டி, ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தபோது, என் பெட்டி மட்டும் வெறும் நெற்றியோடு கூடத்தில் இருப்பது மனசுக்கு ஒப்பவில்லை. தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டேன். தறிக்காரர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும் என்கிற பெருமை வேறு.

யாருக்கும் தெரியாமல் பொட்டை அழித்துவிட்டுக் கூடத்தில் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே சாந்தி நின்றுகொண்டிருந்தாள்.

சாந்தி எங்கள் கொட்டாயில் நூல் கண்டு சுற்றுகிறவள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இதே நாளில், அவசர லாட் ஒன்றை முடிக்கப் பூஜைக்குப் பிறகு கண்டு மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டாள். நான் ஆடிய ஆட்டத்தைத் தெருவே பார்த்தது. பொட்டு வைத்த மெஷினைத் தொட்டால் கொட்டாய் விளங்குமா என்று கேட்டு அவளை அழ வைத்துவிட்டேன். இப்போது அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இது மெஷின்ல சேந்துதுங்களா, சேராதுங்களா?" என்றாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஆனால் கண் சிரித்தது.

"சேந்ததுதான்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அன்று முழுக்க ஊர் அமைதியில் கிடந்தது. நான் அந்தக் கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாக வந்தது. மறுநாள் காலை நல்ல நேரம் பிறந்ததும் எல்லாக் கொட்டாயும் ஒரே சமயத்தில் ஸ்விட்ச் போடும். அதற்கு மறுநாள் தாமோதரன் வந்துவிடுவார்.

பொரித்தட்டு

சாயங்காலம் பொழுதோடு பூசணிக்காய் உடைத்த பிறகு, பொரியும் கடலையும் தட்டில் வைத்துக் கொட்டாய்க்குக் கொட்டாய் கொடுப்பது எங்கள் சந்தில் வழக்கம். அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் சந்திலும் பின்சந்திலும் சேர்த்து மொத்தம் ஆறு கொட்டாய். பொரித்தட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

எதிர்வீட்டு மாமா சொந்தம் எல்லாம் இல்லை, வயதில் பெரியவர், அவ்வளவுதான். அவரிடம் முதலில் போனேன்.

"மாமா, நாளைக்கு நீங்க ஸ்விட்ச் போடறத ஒரு கால் மணி நேரம் தள்ளிப் போடோணுங்க."

"எதுக்கு சாமி? ஊட்ல ஆருக்காச்சும் மேலுக்குச் சரியில்லையா?"

"இல்லீங்க. பாட்டுக் கேக்கோணுங்க."

அவர் வாயில் போட்ட பொரியை மெல்லாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், அவர் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். "நல்ல நேரம் ஒண்ணரை மணி நேரம் கெடக்குது. கால் மணி என்ன, இருவது நிமிசமா எடுத்துக்க. ஆனா நாங்களும் வருவோம். ஊரையே நிறுத்திப்போட்டு அப்பிடி என்ன கேக்கறேன்னு பாக்கோணும்."

மற்ற நாலு கொட்டாயிலும் இதேதான் நடந்தது. நான் அமைதி கேட்டுப் போனேன், கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்தேன்.

மூச்சு வாங்குவது

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்தது. கற்பூரம் காட்டி, பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வால்வுகளில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈரத் துண்டின் நுனியால் துடைத்தேன். முழுவதும் போகவில்லை போலிருக்கிறது. சூடேறியதும் கூடம் முழுக்கச் சந்தன வாசனை. இருபது பேர் மூச்சை இழுத்து, "ஆகா" என்றார்கள். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"எல்லாரும் சித்த நேரம் கம்முனு இருங்க. பொரி மெல்லக் கூடாது" என்றேன். சாந்தி கன்னத்தில் பொரியை ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய கை அவருடையது என்பதால், வால்வு மாற்றும் வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பெட்டியை நிறுத்தி, ஆறவிட்டு, சின்ன ஜோடியைத் துணியால் பிடித்துக் கழற்றி, மற்றதைப் பொருத்துவார். போட்டது ஒரு பழைய பாட்டு, ஒரு பெண் குரலும் ஒற்றை வயலினும். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வீர்கள்.

முதல் ஜோடி. அந்த அம்மா பாடினாள். நன்றாக இருந்தது.

இரண்டாவது ஜோடி. அந்த அம்மா பாடினாள். நன்றாக இருந்தது.

மறுபடி முதல் ஜோடி. மறுபடி இரண்டாவது. சந்தில் ஒரு சத்தம் இல்லை. இதைவிட அமைதி எனக்கு எங்கே கிடைக்கும். இரண்டும் ஒன்றாகவே கேட்டது. இனிமேல் தறியின் மேல் பழி போட முடியாது. என் காது அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் இருபது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

வீட்டுக்காரர் துணியை மடித்துக்கொண்டே, ஏதோ கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி சொன்னார்.

"மொத ஜோடி வேண்டாம். அது அந்தம்மாவக் கெணத்துக்குள்ள நிறுத்திப் பாட வெக்குது. ரெண்டாவதுல அந்தம்மா மூச்சு வாங்கறது கேக்குது."

"என்னங்க சொல்றீங்க? உங்களுக்குக் கேக்குதா?"

"ஆ?" என்றார், பழக்க தோஷம்.

நான் விடவில்லை. அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். சாந்தியிடம் துணியைக் கொடுத்து வால்வை மாற்றச் சொன்னேன். சரியாகச் சொன்னார். மறுபடி மாற்றினோம், சரியாகச் சொன்னார். மூன்றாவது தடவை சாந்தி கழற்றிய அதே ஜோடியை அப்படியே திரும்பச் சொருகினாள். அவர் இரண்டு வரி கேட்டார்.

"மாத்தவே இல்லியே, எதுக்குக் கழட்டுனீங்க?" என்றார்.

கூடமே ஹோவென்றது. எதிர்வீட்டு மாமாவுக்கு மட்டும் கோபம். "ஏப்பா நாச்சிமுத்து, உனக்குக் காது கேக்காதுன்னு இருவது வருசமாத் தொண்ட கிழியக் கத்திட்டு இருக்கறேன்."

"கேக்குதுன்னு சொன்னா இன்னும் சித்த நேரம் பேசுவீங்களே மாமா" என்றார் இவர்.

கால் மணி நேரம் என்று கேட்டு வாங்கியது அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டே கொட்டாய்களுக்கு ஓடினார்கள்.

மிச்சம் இருப்பது

எதிர்த்தறி ஓடுவதற்குள் தாமோதரனுக்குப் போன் போட்டேன். மறைக்காமல் சொன்னேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது என்றேன். அந்தப் பக்கம் ஒரு வண்டி கடந்தது.

"அவர் என்ன சொன்னார்னு இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

"அந்தம்மா மூச்சு வாங்கறது கேக்குதாமாங்க."

"செட்டு உங்க வீட்லயே இருக்கட்டும்மா. கோழிப்பண்ணைக்காரருக்கு வேற செஞ்சுக்கறேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு வருத்தம் இல்லையே?" என்றார்.

"எனக்கு ரெண்டு ஜோடியும் புடிச்சிருக்குதுங்க" என்றேன். பொய் இல்லை. போனை வைத்துவிட்டு, என் வயதை மறந்து கூடத்தில் இரண்டு குதி குதித்தேன்.

குதித்து முடித்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. கொட்டாய்க்கு ஓடினேன். அவர் ஸ்விட்சு போர்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இத்தன வருசமாக் காது கேக்காதுன்னு எதுக்கு ஏமாத்துனீங்க?"

"நான் எப்பச் சொன்னேன்? நீங்கெல்லாருமாத்தான் சொல்லிக்கிட்டீங்க."

"செரி. தறி ஓடறப்ப கொட்டாய்க்குள்ள எதாச்சும் கேக்குமா?"

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். தறி ஓடும்போது நான் பாடுவேன். முணுமுணுப்பு இல்லை, வாயைத் திறந்து, முழுத் தொண்டையில். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காத சத்தத்தில் எதைப் பாடினால் என்ன. மெட்டு யாருடையதோ, வார்த்தை என்னுடையது. மாமியாரைத் திட்டிப் பாடியிருக்கிறேன். மகளுக்கு வரன் தள்ளிப்போன வருஷம் சாமியோடு சண்டை போட்டுப் பாடியிருக்கிறேன். முக்கால்வாசிப் பாட்டு இவரைத் திட்டித்தான். இருபத்தெட்டு வருஷமாக, உலகத்தில் ஒருத்தருக்கும் கேட்காது என்று நம்பிப் பாடியவை.

அவர் ஸ்விட்சில் கையை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பதினாறு தறிச் சத்தமும் எனக்கு அத்துப்படி புள்ள. அத எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நீதான்."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான். என்னைத் திட்டறப்பத்தான் சுதி நல்லா நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டினார்.

தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நான் என் பக்கத்து வரிசையில் போய் நின்றேன். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கூச்சமாக இருந்தது, புதுப்பெண்ணுக்கு வருகிற கூச்சம், இந்த வயதில். அவர் அந்தக் கோடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் இழையை முடிந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. ஆனால் முடிந்து முடித்த பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவரைத் திட்டுகிற பாட்டாகவே ஒன்றை எடுத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.